சடோரு கோஜோவை ஆசிரியராக்கிய உறவு எது? (ஜுஜுட்சு கைசென், முழுக்கதைக்கும் ஸ்பாய்லர் உண்டு)

பொருநை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஜுஜுட்சு கைசென் அனிமேயின் இரண்டாம் பருவத்தைப் பார்த்து முடித்த கையோடு, அதன் மூலச் சித்திரக்கதையான மாங்காவையும் 2024 செப்டம்பரில் வெளியான 271-ஆவது அத்தியாயம் வரை படித்துவிட்டேன். சடோரு கோஜோவைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் அவருடைய ஆற்றலைச் சுற்றியே நடக்கின்றன: சாப ஆற்றலை (மாந்திரீகத்துக்கான ஆற்றல்) நுணுக்கமாகக் காணும் ஆறு கண்கள், எதுவும் தன்னைத் தொடாமல் தடுக்கும் எல்லையின்மை, சாபங்களின் அரசன் சுகுனாவோடு நடந்த சண்டையில் யார் உண்மையில் வலியவர் என்பது. என்னைத் துளைக்கும் கேள்வி வேறு. பிறந்த அன்றே மாந்திரீக உலகின் சமநிலையை மாற்றிவிட்டவர் என்று சொல்லப்படும் ஒருவர், எவரையும் சார்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லாத ஒருவர், ஏன் டோக்கியோ மாந்திரீகப் பள்ளியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆசிரியராக இருக்கிறார்?

மாந்திரீக உலகை ஆளும் மேலிடத்தில் இருப்பவர்களைக் கொன்றுவிடுவது தனக்கு எளிது என்றும், அப்படிச் செய்தால் தலைகள் மாறுமே தவிர வேறெதுவும் மாறாது என்றும், அதனால்தான் கல்வியைத் தேர்ந்தெடுத்ததாகவும் முதல் பருவத்திலேயே அவர் கூறிவிடுகிறார். அது அவருடைய கொள்கை. பதினாறு பதினேழு வயதில் எவரையும் மதிக்காமல் திரிந்த ஒருவன் அந்தக் கொள்கைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதை அறியவே விரும்புகிறேன். அவருடைய பள்ளித் தோழன் சுகுரு கெட்டோ என்று ஒரே பெயரில் விடை சொல்லிவிடலாம்தான். ஆனால் நண்பனை இழந்தவர்கள் எல்லோரும் ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. பழிவாங்கக் கிளம்புவோரும், ஒதுங்கிப் போவோரும் இதே கதையில் இருக்கிறார்கள். அவரைக் கொல்ல முயன்ற டோஜி, அவர் காக்க வேண்டியிருந்த சிறுமி ரிகோ, டோஜியின் மகனும் பின்னாளில் அவருடைய மாணவனுமான மெகுமி, அவருடைய ஆசிரியர் யாகா ஆகியோருக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருடைய பெற்றோர் பாத்திரங்களாகக் கதைக்குள் வருவதே இல்லை என்பதும், அந்த வெற்றிடத்தை வேறு யாரோ நிரப்பியிருக்க வேண்டும் என்று எண்ண வைக்கிறது. கதையிலிருந்து சான்று காட்டி எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஆழிவண்ணன்:

நல்ல கேள்வி. கெட்டோ என்ற விடை சரியானதுதான். நண்பனின் இழப்பு என்று மட்டும் அதைச் சுருக்கிவிடுவதால்தான் போதாததாகத் தெரிகிறது. நண்பன் தன் கண் முன்னாலேயே உடைந்துகொண்டிருந்தபோது தான் அதைக் காணவில்லை என்பதே கோஜோவை மாற்றியது என்பது என் கருத்து.

இருவரும் மாணவர்களாக இருந்த 2006-இல் நடக்கும் பகுதியைக் கவனியுங்கள். வலியவர்கள் எளியவர்களைக் காக்கவே இருக்கிறார்கள் என்று கெட்டோ சொல்லும்போது, இப்படிப்பட்ட நியாயப் பேச்சு எனக்குப் பிடிக்காது என்று கோஜோ முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். ஆனால் முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் அவன் கெட்டோவையே பார்க்கிறான். ரிகோவின் உடலைத் தூக்கிக்கொண்டு அவன் நிற்க, அந்தப் பெண்ணின் சாவை விரும்பிய மதக்குழுவினர் சுற்றி நின்று புன்னகையோடு கைதட்டிக்கொண்டிருந்த காட்சியை மறக்க முடியாது. இவர்களையெல்லாம் கொன்றுவிடலாமா, இப்போது எனக்கு எதுவுமே தோன்றாது என்று அவன் கேட்கிறான். அதில் அர்த்தமில்லை என்று கெட்டோ தடுக்கிறான். உலகத்தையே அழிக்கக்கூடிய ஒருவனுக்கு எது சரி, எது தவறு என்று காட்டும் திசைகாட்டியாக ஒரு நண்பன் இருந்திருக்கிறான். அந்த நண்பனுக்கு அப்படி யாரும் இல்லை என்பதுதான் கொடுமை.

அதற்கு அடுத்த ஆண்டை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கோஜோ தன் பாதுகாப்புத் திறனை இடைவிடாமல் இயங்கவிடக் கற்றுக்கொண்டு, நண்பர்கள் தன் மீது எறியும் பொருள்களில் ஆபத்தானவை மட்டும் தானாகவே நின்றுவிடுவதை மகிழ்ச்சியோடு காட்டுகிறான். அதே காட்சியில், கொஞ்சம் மெலிந்துவிட்டாயா, நலமாக இருக்கிறாயா என்று கெட்டோவைக் கேட்கவும் செய்கிறான். கோடை வெயில்தான் காரணம் என்று கெட்டோ சொன்னதும், சோமென் நூடுல்ஸை அதிகமாகத் தின்றாயா என்று கேட்டுவிட்டு அப்பால் போய்விடுகிறான். சடோரு தனியாகவே வலிமையின் உச்சத்தை எட்டிவிட்டான், பணிகளுக்கும் தனியாகவே போகிறான், வகுப்புத் தோழி ஷோகோவை ஆபத்தான இடங்களுக்கு அனுப்புவதில்லை, எனவே நானும் தனியானேன் என்ற பொருளில் கெட்டோவின் மனக்குரல் ஒலிக்கிறது. தன் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதற்காகச் சாப ஆவிகளை விழுங்குவதன் அருவருப்பான சுவை எவருக்கும் தெரியாது என்று அவன் நினைப்பதும், இளையவனான ஹைபரா பணியில் இறந்து உடலாகத் திரும்புவதும் அந்த ஓராண்டுக்குள்தான். உள்ளத்தைத் திறந்து பேச அவனுக்குக் கிடைத்தவர் யூக்கி ட்சுகுமோ என்ற அந்நியர். கோஜோ அங்கே இல்லை. 2007 செப்டம்பரில் கெட்டோ ஒரு கிராமத்தில் 112 பேரைக் கொல்கிறான்.

பிறகு ஷின்ஜுகுவின் கூட்டத்துக்கு நடுவே இருவரும் சந்திக்கிறார்கள். நீ கோஜோ சடோரு என்பதால் வலியவனா, வலியவன் என்பதால்தான் கோஜோ சடோருவா என்று கெட்டோ கேட்கும் கேள்விக்குக் கோஜோவிடம் விடை இல்லை. கொல்ல வேண்டுமானால் கொல், அதற்கு அர்த்தம் உண்டு என்று சொல்லிவிட்டு நண்பன் முதுகைக் காட்டி நடக்கிறான். கோஜோ கையை உயர்த்துகிறான், அது தாழ்ந்துவிடுகிறது.

நீங்கள் தேடும் இடம் அதற்கடுத்து வருகிறது. ஏன் துரத்திச் செல்லவில்லை என்று யாகா கேட்கிறார். அதை நீங்களே என்னிடம் கேட்கிறீர்களா என்று அவன் திருப்பிக் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். பிறகு, நான் வலியவன்தானே ஐயா என்று கோஜோ கேட்கிறான். ஆம், திமிர் பிடிக்கும் அளவுக்கு, என்கிறார் யாகா. நான் மட்டும் வலியவனாக இருந்தால் போதாது போலிருக்கிறது, பிறரால் காப்பாற்றப்படத் தயாராக இருப்பவர்களை மட்டுமே என்னால் காப்பாற்ற முடிகிறது என்று அவன் சொல்கிறான். கல்வி என்ற முடிவின் விதை இங்கேதான் விழுகிறது. தன்னோடு சேர்ந்து நடக்கக்கூடியவர்களை வளர்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதற்கு, தன்னோடு நடந்துகொண்டிருந்தவன் எப்போது பின்தங்கினான் என்பதைத் தான் கவனிக்கத் தவறியதுதான் காரணம்.

2017 டிசம்பர் 24 அன்று கெட்டோவை முடித்து வைத்தவரும் கோஜோவே. அந்தக் கடைசி நேரத்தில் அவர் சொன்ன சொற்களைக் கதாசிரியர் அகுடாமி நமக்குக் கேட்கத் தரவில்லை. அதன்பின் உடலை ஷோகோவிடம் ஒப்படைத்து முறைப்படி அழிக்காமல் விட்டதால்தான், பிறர் உடலில் புகுந்து வாழும் கெஞ்சாகு அதைக் கைப்பற்ற முடிந்தது. ஷிபுயாவில் கெஞ்சாகு கோஜோவை அடைத்த சிறைப்பெட்டி வேலை செய்ய வேண்டுமென்றால், அதிலிருந்து 4 மீட்டருக்குள் அவர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த நிமிடம் அவருடைய மூளைக்குள் கழிந்தாலே போதும். கெட்டோவின் முகத்தைக் கண்ட கணத்தில் பள்ளிக்காலத்தின் மூன்றாண்டு நினைவுகளும் ஒருசேரப் பாய்ந்து வந்து அந்த நிமிடத்தை நிரப்பிவிட்டன. எந்த மாந்திரீகராலும் முடியாததை ஒரு பழைய நட்பு செய்தது. எத்தனை நாள் இவனை ஆட விடப்போகிறாய் சுகுரு என்று கோஜோ கேட்டதும், இறந்த உடலின் கை எழுந்து தன் கழுத்தையே நெரிக்கிறது. அந்த நட்பு ஒருபக்கமானதாக இருந்ததில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறிஞ்சி:

ஆழிவண்ணன் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 2007-இல் விழுந்த விதைக்கு நிலம் 2006-இலேயே உழப்பட்டுவிட்டது. உழுதவர் டோஜி ஃபுஷிகுரோ. கோஜோவின் வாழ்வைத் தீர்மானித்த உறவுகளுள் நட்புக்கு இணையாக அந்தப் பகையை நான் வைப்பேன்.

துளியும் சாப ஆற்றல் இல்லாமல் பிறந்து, அதனாலேயே மாந்திரீகக் குலமான ஸெனின் குடும்பத்தில் இழிவாக நடத்தப்பட்ட ஒருவர், அந்த உலகம் கொண்டாடும் பிள்ளையின் தொண்டையைக் குத்திக் கிழித்துவிட்டுப் போகிறார். சாவின் விளிம்பில் கோஜோ தன்னைத் தானே குணப்படுத்தும் கலையைப் பிடித்துக்கொண்டு எழுகிறான். எழுந்தவன் சொல்வதைக் கேளுங்கள்: மன்னித்துவிடு அமனாய், இப்போது உனக்காக எனக்குக் கோபம்கூட வரவில்லை, எவரையும் வெறுக்கவும் இல்லை, இந்த உலகம் மட்டும் இதமாக இருக்கிறது. புத்தர் பிறந்தவுடன் கூறியதாக மரபில் வழங்கும், விண்ணிலும் மண்ணிலும் நானே உயர்ந்தவன் என்ற வாசகத்தை அப்போதுதான் அவன் உச்சரிக்கிறான். ரசிகர்கள் இந்தக் காட்சியை வெற்றிக் காட்சியாகக் கொண்டாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முந்தைய நாள் வரை ஒக்கினாவாவில் தன்னோடு விளையாடிய பதினான்கு வயதுப் பெண்ணுக்காக வருந்தக்கூட இயலாத உயரத்துக்கு அவனுடைய ஆற்றல் அவனைத் தூக்கிச் சென்றுவிட்டது. கோஜோவின் வாழ்விலேயே ஆபத்தான நொடி அதுதான். அங்கிருந்து அவன் இன்னொரு சுகுனாவாகவும் ஆகியிருக்கலாம்.

ரிகோவின் பங்கையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாந்திரீக உலகின் தடுப்புகளைத் தாங்கும் டெங்கெனுடன் இணைவதற்காகவே வளர்க்கப்பட்ட அந்தப் பெண் மறுத்தால் அந்தச் சடங்கையே நிறுத்திவிடுவோம் என்று இரு நண்பர்களும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் வகுத்த திட்டத்துக்காக ஒரு பிள்ளையின் இளமையைப் பலியிட முடியாது என்ற எண்ணம் அப்போதே அவனிடம் இருந்திருக்கிறது. இளையோரிடமிருந்து இளமைக்காலத்தைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்று பிற்காலத்தில் ஆசிரியராக அவர் சொல்வது வெறும் அழகிய வாசகமன்று. இன்னும் எல்லோரோடும் இருக்க விரும்புகிறேன் என்று ரிகோ சொல்லி முடித்த மறுகணமே அவள் சுட்டு வீழ்த்தப்பட்டாள் என்ற நினைவு அதன் அடியில் இருக்கிறது. சுகுனாவைத் தன்னுள் சுமந்த மாணவன் யூஜி இடடோரியின் மரண தண்டனையை அவர் தள்ளிப்போட வைத்ததையும், மற்றொரு மாணவன் யூட்டா ஒக்கோட்சுவைத் தண்டனையிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்ததையும் ரிகோவோடு சேர்த்தே நான் படிக்கிறேன்.

சாகும் தறுவாயில், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கோஜோ கேட்டதும், முதலில் இல்லை என்ற டோஜி, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் என் பிள்ளை ஸெனின் குடும்பத்துக்கு விற்கப்படுவான், உன் விருப்பம்போல் செய்துகொள் என்கிறார். கொன்றவனிடமே பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சாகும் தகப்பன் அவர். கோஜோ அந்தச் சிறுவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். ஸெனின் குடும்பத்துக்குப் போனால் அக்கா ட்சுமிகி மகிழ்ச்சியாக இருப்பாளா என்பது ஒன்றே மெகுமிக்கு அறிய வேண்டியதாக இருக்கிறது. இருக்க மாட்டாள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கோஜோ ஏற்கிறான். அப்போது அவன் வைக்கும் ஒரே நிபந்தனை, வலியவனாக ஆகிவிடு, நான் உன்னை விட்டுவிட்டுப் போய்விடாத அளவுக்கு, என்பதுதான்.

கெட்டோவிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவன் மெகுமியிடம் சொல்கிறான். பொருநை கேட்ட கேள்விக்கு ஒரே காட்சியைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். பகைவரின் மகன், இழந்த நண்பன், இறந்துபோன பெண் ஆகிய மூவரும் அந்த ஒரு தெருவில் வந்து சேர்கிறார்கள், அவன் ஆசிரியனாகிறான்.

நிலாமுற்றம்:

இருவரும் விட்டுவிட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மசமிச்சி யாகாவை ஏதோ படிக்கட்டில் அமர்ந்து கேள்வி கேட்டவராக மட்டும் பார்க்கிறோம். கோஜோ தன் வாழ்வில் கண்ட ஒரே ஆசிரியர் அவர்தான். தவறு செய்தால் குட்டுவார், குடும்பப் பெருமையைப் பொருட்படுத்த மாட்டார், அவன் உடைந்துபோனபோது அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் இருந்தார். மாந்திரீகருக்கு மனக்குறையற்ற மரணம் என்று ஒன்று இல்லை என்று யூஜியிடம் வெளிப்படையாகச் சொல்பவரும் அவரே. ஷிபுயா நிகழ்வுக்குப் பிறகு கோஜோவையும் கெட்டோவையும் தூண்டிவிட்டவர் என்று மேலிடம் அவர் மீது பழி சுமத்திக் கொன்றது. மாணவர்களின் செயலுக்காக ஆசிரியர் உயிரைக் கொடுத்தார் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் கோஜோவுக்கு இளையவராக இருந்த மாந்திரீகர் நனாமியையும் மறக்க வேண்டாம். கோஜோவை நம்புகிறேன், சார்ந்தும் இருக்கிறேன், ஆனால் மதிக்கவில்லை என்று அவர் சொன்னது பலருக்கும் நகைச்சுவையாகவே நினைவிருக்கிறது. அப்படிச் சொல்லும் மனிதரிடம்தான் யூஜியைக் கோஜோ ஒப்படைத்தார். ஒரு சிறுவனுக்குத் தன்னால் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதையும், அது யாரிடம் இருக்கிறது என்பதையும் அவர் அறிந்திருந்தார். நல்ல ஆசிரியருக்கான அடையாளமாக நான் இதைக் கருதுகிறேன்.

பொருநை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மெகுமியிடம் வைத்த நிபந்தனையைக் கெட்டோவோடு இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒரு முரண் உறுத்துகிறது. தனியாக வலியவனாக இருந்து பயனில்லை என்று உணர்ந்து ஆசிரியரானவர், கடைசி வரை தனியாகத்தானே போரிட்டார்? 236-ஆவது அத்தியாயத்தில், இறந்தபின் விமான நிலையத்தில் கெட்டோவோடு பேசும்போது, எல்லோரையும் நேசித்தேன், தனிமையாக உணரவில்லை, இருந்தாலும் ஏதோ ஒரு கோடு இருந்தது என்கிறார். பூவை மலரச் செய்து ரசிக்கலாம், ஆனால் பூ நம்மைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டோம் அல்லவா என்று அவர் சொல்வதைப் படித்தபோது, மாணவர்கள் அவருக்கு வெறும் பூக்கள்தானா என்று மனம் கனத்துவிட்டது. கெட்டோ இருந்த இடத்தில் எந்த மாணவரும் வந்து நிற்கவே இல்லையா?

ஆழிவண்ணன்:

அந்த வரி என்னையும் வருத்தியது. ஆனால் அதைக் கோஜோவின் தரப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவே மாணவர்களின் நிலை அன்று. யூட்டாவைப் பாருங்கள். போருக்கு முன்பே, கெஞ்சாகுவைக் கொல்லும் பொறுப்பைத் தான் ஏற்பதாக அவன் சொல்கிறான். காரணம், கோஜோ ஆசிரியர் தம் உற்ற நண்பரை இரண்டாம் முறையும் கொல்லும்படி நேரக் கூடாது என்பது. சொன்னபடி கெஞ்சாகுவை முடித்து வைப்பவனும் அவனே. ஆசிரியரின் ஆழமான காயம் எது என்று ஒரு மாணவன் அறிந்திருக்கிறான். அதைத் தன் தோளில் வாங்கிக்கொள்கிறான். அப்படி அறிந்தவனைப் பூ என்று எப்படிச் சொல்வது?

கோஜோ இறந்தபின், அவருடைய உடலுக்குள் புகுந்து தான் போரிடப் போவதாக யூட்டா சொல்லும்போது மற்றவர்கள் அதிர்ந்துபோகிறார்கள். அரக்கனாக இருக்கும் சுமையை நாம் எல்லோரும் கோஜோ ஆசிரியர் ஒருவர் மீதே சுமத்திவந்தோம், அவர் இல்லையென்றால் இனி யார் அரக்கனாவது என்று அவன் கேட்கிறான். கெட்டோவின் தனிமையைக் கோஜோ காணவில்லை. கோஜோவின் தனிமையை யூட்டா கண்டுவிட்டான். கற்பித்தது பலித்திருக்கிறது. பலித்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை என்பதுதான் துயரம்.

குறிஞ்சி:

மெகுமியின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் போரில் சுகுனா குடியேறியிருந்தது மெகுமியின் உடலில்; எல்லையின்மையைப் பிளக்க வழி கண்டுபிடித்த மஹோராகா என்ற ஆவி, நிழலிலிருந்து ஆவிகளை அழைக்கும் மெகுமியின் பத்து நிழல் கலையைச் சேர்ந்தது. பழங்காலத்தில் கோஜோ குடும்பத் தலைவரும் ஸெனின் குடும்பத் தலைவரும் ஒருவரையொருவர் கொன்றதையும், கொன்றவர்களில் ஒருவரிடம் ஆறு கண்களும் மற்றவரிடம் பத்து நிழல்களும் இருந்ததையும் மெகுமிக்கு எடுத்துச் சொன்னவரே கோஜோதான். தன்னை வீழ்த்தக்கூடிய திறன் என்று தெரிந்தே அதை வளர்த்திருக்கிறார். அவரிடம் மாணவர்களைக் குறித்த அச்சமோ பொறாமையோ சிறிதும் இருந்ததில்லை.

டோஜியைக் கொன்றவர் தாமே என்பதை மெகுமியிடம் நேரில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு அமையாமலே போயிற்று. ஒருமுறை சொல்ல வாய் திறந்தபோது, தந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று சிறுவன் தடுத்துவிட்டான். எல்லாம் முடிந்தபின், கோஜோ விட்டுச்சென்ற கடிதத்தில் அந்தச் செய்தி மன்னிப்போடு ஓரிரு வரியில் இருக்கிறது. மெகுமி அதைப் படித்துச் சிரித்துவிடுகிறான். அத்தனை பெரிய பகை அந்தச் சிரிப்பில் தீர்ந்துவிட்டதை அகுடாமி எவ்வளவு அளவோடு வரைந்திருக்கிறார் என்பதற்காகவே அந்தப் பக்கங்களை மீண்டும் படிக்கலாம்.

பொருநை கேட்ட முரணுக்கு, கடைசி அத்தியாயத்தில் யூஜியோடு நடக்கும் உரையாடலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்களில் ஒருவராவது என்னை மறந்துவிட்டால் நல்லது, என்னிடமிருந்து முற்றிலும் வேறான வலிமை உங்களிடம் வளர வேண்டும் என்ற கருத்தில் கோஜோ பேசுகிறார். கெட்டோவின் இடத்தில் நிற்க அவர் எந்த மாணவரையும் அழைக்கவில்லை. அந்த இடம் நிரம்பிவிட வேண்டும் என்று அவர் விரும்பியதற்குக் கதையில் சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தன் தனிமைக்குத் துணை தேடி அவர் மாணவர்களை வளர்த்திருந்தால், யூட்டாவையும் மெகுமியையும் தன்னைப் போலவே ஆக்க முயன்றிருப்பார். யூஜியை நனாமியிடம் அனுப்பியிருக்கவும் மாட்டார். அந்த மூவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்று சுகுனாவை எதிர்கொண்டார்கள். 2007-இல் கெட்டோவுக்குக் கிடைக்காதது அதுதான்.